எழுந்திருக்க மறுத்த மைஎஸ்கியூஎல்

புது உபுண்டு (லினக்ஸ்) மெஷின்ல மைஎஸ்கியூஎல்ங்கிற டேட்டாபேஸ் சர்வரைப் போட்டேன். டேட்டா ஃபோல்டரைப் பெரிய டிஸ்க்குக்கு மாத்திட்டு ஸ்டார்ட் கொடுத்தா, சர்வீஸ் ஃபெயில். மறுபடி கொடுத்தேன், மறுபடி ஃபெயில்.

எரர் லாக்கைத் திறந்தா "பெர்மிஷன் டினைடு", நம்பர் 13. சரின்னு ஃபோல்டரோட ஓனரை மாத்தினேன். அதே 13. 777, அதாவது யார் வேணா படிக்கலாம், எழுதலாம்ங்கிற முழு அனுமதி கூடக் கொடுத்துப் பார்த்தேன் (திட்டாதீங்க, மணி ராத்திரி ஒண்ணு). ம்ஹூம்.

கடைசியில கெர்னல் லாக்கைப் பார்த்தா, வாசல்ல வாட்ச்மேன் மாதிரி உட்கார்ந்திருக்கார் ஆப்ஆர்மர், எந்த புரோகிராம் எந்த ஃபைலைத் தொடலாம்னு கட்டுப்படுத்துற உபுண்டுவோட பாதுகாப்பு அமைப்பு! தனக்குத் தெரிஞ்ச பழைய பாதையைத் தவிர வேற எங்கயும் மைஎஸ்கியூஎல்லைக் கை வைக்க விடமாட்டாராம். ஓனர் யாரா இருந்தா அவருக்கென்ன? அவரோட லோக்கல் ஃபைல்ல புதுப் பாதைக்கு ரெண்டு வரி சேர்த்து, புரொஃபைலை (அவரோட விதிப் பட்டியல்) ரீலோட் பண்ணினதும் சர்வர் சமத்தா எழுந்துடுச்சு.

அந்த 777-ஐ 750 (ஓனரையும் குரூப்பையும் தவிர யாருக்கும் அனுமதி இல்லை) ஆக்கிட்டுத்தான் படுத்தேன்.