கைக்கெட்டும் ஓலை: தேரிக்காட்டு நாட்குறிப்பு

ஜனவரி 11, 2025

பொங்கலுக்கு எங்கள் தேரிக்காட்டில், இந்தச் செம்மணல் பூமியில், பனங்கிழங்கு பிடுங்கினோம். ஆவணி புரட்டாசியில் பொறுக்கிய பனங்கொட்டைகளை மண் கூட்டிய மேட்டில் நெருக்கமாக அடுக்கி மூடி வைத்திருந்தது. பனை முளைக்கும்போது மேலே எட்டிப் பார்க்காது, முதலில் கீழே இறங்கும். இறங்கிய அந்த முளைதான் கிழங்கு. மேடாகப் போட்டால் மண்வெட்டிக்கு வேலை குறைவு, கிழங்கும் முறியாமல் வரும். கொட்டையை வெட்டினால் உள்ளே வெள்ளையாக, பஞ்சுபோலத் தின்கிற தவுண். பிள்ளைகளுக்குக் கிழங்கைவிட அதில்தான் கண்.

இப்படிக் கீழே இறங்குகிற குணத்தால்தான் பனையை நாற்றாக வளர்த்து, பிடுங்கி, வேறிடத்தில் நடுவது லேசில் நடப்பதில்லை. கொட்டை விழுந்த இடத்தில்தான் அது நிற்கும், நம் பேரப்பிள்ளைகள் காலம் வரைக்கும். முதலில் நிலத்தைக் கவனி, அப்புறம் வரை, அதற்கப்புறம் நடு என்பது, இயற்கையைப் பார்த்து நிலத்தை வடிவமைக்கிற பெர்மாகல்ச்சரில் பாலபாடம். முருங்கையிலும் பப்பாளியிலும் அதை மீறிவிட்டு அடுத்த வருஷம் சரி செய்துகொள்ளலாம். பனையிடம் அந்தப் பாச்சா பலிக்காது.

ஜனவரி 26

நிலத்தின் படத்தைத் திண்ணையில் விரித்து வைத்திருந்தேன். 1970-களில் ஆஸ்திரேலியாவின் தாஸ்மேனியாவில் பில் மாலிசனும் டேவிட் ஹோம்கிரனும் சேர்ந்து உருவாக்கிய பெர்மாகல்ச்சர் முறைப்படி வரைந்தது. வீட்டை நடுவில் வைத்து, அடிக்கடி போகிற இடம் முதல் வட்டம், எப்போதாவது போகிற இடம் கடைசி வட்டம் என்று பிரிப்பார்கள். கீரையும் கறிவேப்பிலையும் அடுப்படிப் பக்கம், காட்டு மரங்கள் கடைசியில். நானும் பனையைக் கடைசி வட்டத்தில்தான் வரைந்திருந்தேன். தண்ணீர் கேட்காது, காவல் கேட்காது, எங்கேயோ நின்றுகொள்ளட்டும் என்றுதானே யாருக்கும் தோன்றும்.

பெட்டி முடைகிற ஆச்சி வெற்றிலை போட வந்தவள் குனிந்து பார்த்தாள்.

"இது என்னட்டி, பனையெல்லாம் அங்க கொண்டு வச்சிருக்க?"

"பனைக்கு என்ன ஆச்சி வேணும், நாம போய்ப் பாக்க வேண்டியதில்லையே."

"நீ போக வேண்டாம். ஓலை வெட்ட நாந்தான போணும்? நெட்டப்பனை எங்க நின்னாலும் ஏறுதவன் போவான். வடலிய வீட்டுப் பக்கம் விடு."

வடலி என்றால் இன்னும் உயராத இளம்பனை. இன்று முழுக்க அதே யோசனைதான். வட்டத்தின் நடுப்புள்ளியில் யார் நிற்கிறார்கள் என்று படம் கேட்பதே இல்லை. நிலத்துக்காரி நிற்பதாக அதுவே எடுத்துக்கொள்கிறது.

பிப்ரவரி 16

கிணற்றை ஒட்டி இருக்கும் வடலிகளைச் சுத்தம் செய்தோம். ஆள் உயரத்துக்குக் கொஞ்சம் மேலே, இன்னும் பாளை, அதாவது பூங்குலை, தள்ளாதவை. ஆண்பனையா பெண்பனையா என்று பாளை வந்தால்தான் தெரியும், அதற்குப் 12, 15 வருஷமாவது ஆகும். அதுவரைக்கும் பலனில்லாத மரம் என்று சொல்லித்தான் மனை போடுகிறவர்கள் வடலியைப் பொக்லைன் வைத்துப் பிடுங்குகிறார்கள். ஆனால் ஏறத் தெரியாத ஒரு பெண் தரையில் நின்றபடியே அரிவாளால் ஓலை எடுக்கக்கூடிய பருவம் பனைக்கு இது ஒன்றுதான். முடைகிறவர்கள் எல்லாரும் பெண்கள், ஏறுகிறவர்கள் ஆண்கள், அவர்களும் ஊரில் விரல்விட்டு எண்ணுகிற அளவுதான் மிச்சம். ஓலைக்குப் பஞ்சமில்லாத ஊரில் ஓலை இல்லாமல் முடைகிறவர்கள் சும்மா உட்கார்ந்திருப்பது இதனால்தான்.

குருத்தை மட்டும் தொடக்கூடாது என்று ஆச்சிக்குக் கண்டிப்பு. நடுக்குருத்தை விட்டு, சுற்றி விரிந்து நிற்கும் இளம் ஓலையில் ஒன்றிரண்டு, அவ்வளவுதான். அடுத்த முறை எந்த மரம் என்று அவள் கணக்கு வைத்திருக்கிறாள், தாளில் அல்ல.

ஏப்ரல் 6

பதநீர் நன்றாக இறங்குகிறது. விடிவதற்கு முன்னே, காலில் மாட்டி ஏறுகிற தளைநாரும் அரிவாள்பெட்டியுமாக, பனையேறுகிற அண்ணாச்சி வந்துவிடுகிறார். காலையில் இறக்கவும் பாளை சீவவும் ஒரு ஏற்றம், மாலையில் மறுபடி சீவ ஒரு ஏற்றம். ஒரு நாள் சீவாவிட்டால் பாளை அடைத்துக்கொள்ளும், ஞாயிற்றுக்கிழமை என்று அது பார்க்காது. கலயத்தின் உள்ளே சுண்ணாம்பு தடவுவதால் புளிக்காமல் இருக்கிறது.

பதநீர் காய்ச்சுகிற குடிசைகளான நம்மூர் விடிலிகளைக் கவனித்தால் எல்லாமே பனங்கூட்டத்துக்கு நடுவில் இருக்கும். பதநீர்ச் சுமை தூக்கி நடக்கிற தூரம் எல்லாப் பக்கமும் ஒன்றுபோல ஆகிவிடுகிறது. எரிக்கிற காவோலையும் (காய்ந்த ஓலை) சில்லாட்டையும் (மட்டையடியில் வலைபோல இருக்கும் நார்) கூப்பிடு தூரத்திலேயே விழுகின்றன. பத்து லிட்டர் பதநீர் காய்ச்சினால் ஒன்று, ஒன்றேகால் கிலோ கருப்பட்டி தேறும், மீதியெல்லாம் ஆவி. அப்படியானால் அடுப்பு எங்கே இருக்க வேண்டும் என்பதை யாரும் படம் போட்டுக் கண்டுபிடிக்க வேண்டியதில்லை. உடன்குடிக் கருப்பட்டிக்குப் புவிசார் குறியீடு கிடைத்ததை எல்லாரும் சொல்கிறார்கள், விடிலி நிற்கும் இடத்தில் இருக்கிற அறிவைப் பற்றி யாரும் பேசக் காணோம்.

என் படத்தில் இப்போது மூன்று நடுப்புள்ளிகள்: அடுப்படி, விடிலி, ஆச்சி உட்கார்ந்து முடைகிற வேப்பமர நிழல்.

மே 18

பெட்டி முடைவதைக் கூடவே உட்கார்ந்து பார்த்தேன். வெயிலில் காய்ந்து வெளுத்த ஓலையை இரவு பனியில் போட்டுப் பதமாக்கி, ஈர்க்கை உரித்து, நறுக்குக் கத்தியால் ஒரே அகலத்தில் கிழிக்கிறாள். அளவுகோல் அவள் கட்டைவிரல் நகம். அடி முடைந்து சுவர் எழும்பும் இடத்தில் ஒவ்வொரு ஓலையையும் பல்லால் லேசாகக் கடித்து மடக்குகிறாள். அந்த மடிப்பு கூர்மையாக விழாவிட்டால் பெட்டி உட்காராதாம். விளிம்பைக் கட்டுவது மட்டையிலிருந்து உரித்த நார். ஊறவைத்து ஈரத்தோடு இழுத்துக் கட்டினால், காயும்போது சுருங்கி இறுக்கிக்கொள்கிறது. ஆணி, பசை ஒன்றும் இல்லை.

சென்னையிலிருந்து ஒருவர், கருப்பட்டியை ஓலைப்பெட்டியில் மட்டும் அனுப்புங்கள், பிளாஸ்டிக்கே கூடாது என்று எழுதியிருந்தார். ஆசை நல்ல ஆசைதான். ஆனால் நம் வீடுகளில் ஓலைப்பெட்டி பரணில் இருந்தது, கீழே விறகடுப்புப் புகை ஏறிக்கொண்டே இருந்தது. அந்தப் புகையும் சேர்ந்துதான் கருப்பட்டியைக் காப்பாற்றியது. ஏசி அறையும் ஐப்பசி மழையும் உள்ள ஊரில் வெறும் ஓலைப்பெட்டிக்குள் கருப்பட்டி நீர்த்துவிடும். வெயில் காலத்தில் பெட்டியில் அனுப்புவேன், போனதும் பீங்கான் ஜாடிக்கு மாற்றிவிட்டுப் பெட்டியில் வெங்காயம் போட்டு வையுங்கள் என்று பதில் எழுதினேன்.

ஜூலை 20

மேற்கேயிருந்து அடிக்கிற கச்சான் காற்று. தேரி மணல் சோற்றிலும் படுக்கையிலும். மேற்கு வேலியில் நெருக்கமாக நிற்கும் பனைகளுக்குக் கிழக்கே மட்டும் முருங்கை சாயாமல் இருக்கிறது.

பெர்மாகல்ச்சர் பயிற்சிக்குப் போய்வந்த தம்பி ஒருவர், ஓடுகிற மழைத்தண்ணீரைச் சரிவுக்குக் குறுக்கே நிறுத்துகிற சமமட்ட வாய்க்கால் வெட்டச் சொன்னார். கரிசலில் அது அருமையான யோசனை. தேரியில் மழை ஓடினால்தானே நிறுத்துவதற்கு? விழுந்த இடத்திலேயே மணல் குடித்துவிடும். 2023 டிசம்பரில் காயல்பட்டினத்தில் ஒரே நாளில் 95 சென்டிமீட்டர் கொட்டியதே, அது ஒரு வருஷத்து மழைக்கும் மேல். அந்த மழைக்கு எந்த வாய்க்காலும் காணாது. இங்கே நமக்குத் தேவை ஈரத்தைப் பிடித்து வைக்க ஏதாவது. குளியலறைத் தண்ணீர் போகும் வாழைக்குழியில் பழைய மட்டை, பன்னாடை, மக்கிய ஓலை எல்லாவற்றையும் போட்டு நிரப்புகிறோம். கோடையில் கிணற்றுத் தண்ணீர் உப்புக் கரிக்கும்போதும் அந்த வாழைகள் வாடவில்லை.

ஆகஸ்ட் 24

பழம் விழத் தொடங்கிவிட்டது, ராத்திரியில் தொம்மென்று. புழக்கடைத் தாழ்வாரத்துக்கு, இடித்த ஓட்டு வீட்டிலிருந்து பனங்கைகள் (பனைமரக் கூரைச்சட்டங்கள்) வாங்கினோம், வைரம் பாய்ந்தவை, செல் அரிக்காதவை. புது மரம் வெட்ட யோசிக்கவில்லை. பனை மாநில மரம் என்பது ஒரு பக்கம், வெட்டக் கலெக்டர் அனுமதி வேண்டும் என்று 2021-ல் அரசு அறிவித்தது இன்னொரு பக்கம். இதெல்லாம் இல்லாவிட்டாலும் வெட்டியிருக்க மாட்டோம்.

கொட்டைகளை மூன்றாகப் பிரித்தாயிற்று. ஒரு பங்கு கிழங்குப் பாத்திக்கு, தையில் பலன். இன்னொரு பங்கு வேப்பமர நிழலிலிருந்து ஆச்சி நடக்கிற வழியோரம், பத்தடிக்கு ஒன்று. அவை வெட்டுகிற பருவத்துக்கு வரும்போது முடையப்போவது ஆச்சியாக இருக்காது, அவள் மருமகளுக்கு இப்போதே அடி முடையச் சொல்லிக் கொடுத்துக்கொண்டிருக்கிறாள். கடைசிப் பங்கை விடிலியைச் சுற்றி எங்கே போடுவது என்று அண்ணாச்சியைக் கேட்டேன். இடத்தைக் காலால் கீறிக் காட்டிவிட்டு, "போடு. ஏறுதவனுக்கு இன்சூரன்சும் சம்பளமும் யார் குடுப்பா, அதையும் இந்தப் படத்துல எழுது" என்றார். ஏற்றக்கூலியைப் பேசி முடிக்க அடுத்த ஞாயிறு சாயங்காலம் வரச் சொல்லியிருக்கிறேன்.