டிரிகரை எழுதுவதா, வேகத்தை எழுதுவதா?

2024 ஜூன் 14 அன்று அமெரிக்க உச்ச நீதிமன்றம் கார்லண்ட் எதிர் கார்கில் வழக்கில் 6-3 எனத் தீர்ப்பளித்ததும், 'பம்ப் ஸ்டாக்குக்கு (துப்பாக்கியை மிக வேகமாகச் சுடவைக்கும் பின்கட்டைக்கு) இனித் தடையில்லை' என்று பலரும் எழுதினார்கள். பாதிதான் சரி. விழுந்தது, துப்பாக்கிகளை ஒழுங்குபடுத்தும் மத்திய அமைப்பான ஏடிஎஃப், பம்ப் ஸ்டாக்கை இயந்திரத் துப்பாக்கியாகக் கருதி 2018 இறுதியில் கொண்டுவந்த மத்திய விதி. மாநிலங்கள் தாமே இயற்றிய சட்டங்களை அந்தத் தீர்ப்பு தொடவில்லை. ஃப்ளோரிடாவில் பம்ப் ஸ்டாக்கை வெறுமனே வைத்திருந்தாலே 5 ஆண்டு வரை சிறை கிடைக்கும்.

மத்திய விதி சறுக்கிய இடம் ஒன்றே ஒன்று. டிரிகர் ஒருமுறை இயங்கும்போது தானாகவே ஒன்றுக்கு மேற்பட்ட தோட்டாக்கள் பாய்ந்தால்தான் அது இயந்திரத் துப்பாக்கி என்கிறது 1934ஆம் ஆண்டுச் சட்டம். பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கி, சுட்ட உதைப்பில் பின்னே போய் மறுபடி முன்னே வருகிறது. விரல் அசையாமல் நிற்க, டிரிகர்தான் வந்து வந்து அதில் மோதுகிறது. தோட்டாவுக்குத் தோட்டா டிரிகர் தனித்தனியாக இயங்குவதால் இது அந்த வரையறைக்குள் வராது என்றார் நீதிபதி கிளாரன்ஸ் தாமஸ். 2017 அக்டோபர் 1 இரவு லாஸ் வேகாஸில் பம்ப் ஸ்டாக் பொருத்திய துப்பாக்கிகளுடன் ஒருவர் சுட்டதில், சுமார் பத்தே நிமிடத்தில் ஆயிரத்துக்கும் மேற்பட்ட தோட்டாக்கள் கூட்டத்தின் மேல் பாய்ந்தன. 60 உயிர்கள் போயின. அந்த வேகத்தைப் பற்றி 1934 வரையறையில் ஒரு சொல்கூட இல்லை.

ஆகவே மாநில மசோதா எழுதுபவர்கள் டிரிகரை விட்டுவிட்டு வேகத்தை எழுத வேண்டும். பார்க்லேண்ட் பள்ளிப் படுகொலைக்குப் பிறகு 2018 மார்ச்சில் ஃப்ளோரிடா செய்தது அதைத்தான்: துணைக்கருவி இல்லாமல் ஒருவரால் சுட முடிகிற வேகத்தைத் தாண்டவைக்கும் எந்தக் கருவிக்கும் தடை. இதிலும் ஓர் ஓட்டை உண்டு. யாருடைய வேகம்? தேர்ந்த போட்டி வீரரின் விரல் வேறு, புதியவரின் விரல் வேறு. டிரிகர் இழுவையை இலேசாக்கும் சாதாரண ஸ்பிரிங்கும் சிக்கலாம் என்ற வாதம் உடனே எழும். விளைவைச் சொல்லும் வரையறை, தடைசெய்யும் கருவிகளின் பெயர்ப்பட்டியல், இழுவையை மட்டும் மாற்றும் பாகங்களுக்கு விலக்கு ஆகிய மூன்றும் ஒரே பிரிவில் இருந்தால்தான் சட்டம் நிற்கும் என்பது என் கணிப்பு.

பெயரை மட்டும் எழுதினால் அடுத்த கருவி நழுவிவிடும். பைனரி டிரிகர் இழுக்கும்போது ஒன்று, விடும்போது ஒன்று சுடும்; அது ஸ்டாக்கே அல்ல. பர்ன்ஸ்வில்லில் இரண்டு காவலர்களும் ஒரு தீயணைப்பு வீரரும் கொல்லப்பட்ட பிறகு, மின்னசோட்டா 2024இல் அதற்குத் தனியாகத் தடை போட்டது. ஆனால் அதை 1,400 பக்கத்துக்கு மேற்பட்ட கூட்டு மசோதாவுக்குள் திணித்தார்கள். ஒரு சட்டத்தில் ஒரு பொருள்தான் இருக்க வேண்டும் என்ற மாநில அரசியலமைப்பு விதியைக் காட்டி, 2025 ஆகஸ்டில் மாவட்ட நீதிமன்றம் அந்தத் தடை செல்லாது என்றது. மூன்று உயிர்களின் பேரில் வந்த தடை, கருவியின் தன்மையால் விழவில்லை, நிறைவேற்றிய முறையால் விழுந்தது. இதை நினைத்தால் மனம் ஆறவில்லை.

ஏற்கெனவே வாங்கியவர்களுக்கு இழப்பீடு உண்டா? மேரிலாண்ட் மாநிலத் தடையை எதிர்த்த வழக்கில் நான்காவது வட்டார மத்திய மேல்முறையீட்டு நீதிமன்றம் 2020இல் இல்லை என்றது. அரசு பொருளை எடுத்துக்கொள்ளவில்லை என்பது காரணம்.

தடையில்லாத மாநிலத்தில் முறைப்படி வாங்கியதை காரில் போட்டுக்கொண்டு ஃப்ளோரிடாவுக்குள் நுழைந்தாலும் குற்றம்தான். அங்கே தடை செய்யப்பட்ட செயல்களின் வரிசையில் முதலில் நிற்பதே மாநிலத்துக்குள் கொண்டுவருவது.