படிவம் 7, உளுந்து, தராசு

வைகாசியில் கடன் வாங்கி நெல் நடுவது, கார்த்திகையில் அறுத்த கையோடு அதே ஈரத்தில் உளுந்து விதைப்பது, மாசிக் கடைசியில் உளுந்தை அடித்து விற்பது. பர்மாவில் பெகு பக்கத்தில் ஐந்து, பத்து ஏக்கர் வைத்திருக்கும் தமிழ்க் குடியானவரின் வருடம் இவ்வளவுதான். வைகாசிக் கடன் எங்கிருந்து வந்தது என்று கேட்டாலே, அந்த வருடம் கையில் ஏதும் மிஞ்சுமா என்பது தெரிந்துவிடும்.

ஊருக்குள் வாங்கும் கடனுக்கு மாதம் நூற்றுக்கு 5 என்பது சாதாரணம், 10 வரையும் போகும். ஒரு லட்சம் கியாட்டை (பர்மியப் பணம்) 5 வட்டிக்கு வைகாசியில் வாங்கி மார்கழியில் கட்டினால் ஏழு மாதத்துக்கு வட்டி மட்டும் 35,000. அரசு விவசாய வங்கியில் ஆண்டுக்கு 8 என்று வைத்துக்கொண்டாலும் அதே ஏழு மாதத்துக்கு 4,700க்குள் முடியும். இன்னொரு வழி சபாபே: பயிர் பச்சையாக நிற்கும்போதே பணம் வாங்கிக்கொண்டு, அறுத்ததும் நெல்லாக அளந்து கொடுப்பது. வட்டி என்ற சொல்லே அதில் வராது. ஆனால் அன்றைய விலையில் பாதிக்கு விற்ற கணக்கு ஆகிவிடும். கீழ்ப் பர்மாவின் முக்கியமான 13 நெல் மாவட்டங்களில், கடன் கொடுத்த செட்டியார்கள் கையில் இருந்த நிலம் 1930இல் நூற்றுக்கு 6, 1938க்குள் 25 ஆனது. நெல் விலை விழுந்து, கடன் கட்ட முடியாமல் கைமாறிய நிலம் அது. இன்று இங்கே கடன் வாங்கும் பக்கத்தில் நிற்பவர்களில் தமிழ்க் குடியானவர்களும் உண்டு என்பதையும் சொல்லத்தான் வேண்டும்.

வங்கிக் கடனுக்கு முதல் வாசல் படிவம் 7. 2012 விவசாய நிலச் சட்டத்தின் கீழ் கொடுக்கப்படும் பயன்பாட்டு உரிமைச் சான்று அது. நிலத்தை விற்கவும், அடமானம் வைக்கவும், வாரிசுக்கு மாற்றவும் அதுதான் ஆதாரம். மனு கிராமத் தொகுதி நிலக் குழுவில் தொடங்கி டவுன்ஷிப் நில அலுவலகத்துக்குப் போகும். நிலத்தின் குவின் எண் (வயல் தொகுதி எண்), உபைன் எண் (அதற்குள் நம் வயலின் எண்), வரைபடம் (படிவம் 105), நில வரலாறு (106) எல்லாம் ஒன்றுக்கொன்று பொருந்த வேண்டும்.

நம்மவர்களுக்கு மனு சிக்குவது பெரும்பாலும் பெயரில். வீட்டில் முருகையா, அடையாள அட்டையில் ஒரு பர்மியப் பெயர், குடும்பப் பட்டியலில் (66/6) அதே பர்மியப் பெயர் வேறு எழுத்தில், நிலமோ இறந்துபோன தாத்தாவின் தமிழ்ப் பெயரில். இதை அலுவலக வாசலில் நின்று சரிசெய்ய முடியாது. மனு எழுதுவதற்கு முன்பே எல்லாத் தாள்களையும் தரையில் வரிசையாகப் பரப்பி, பெயர், தகப்பன் பெயர், அட்டை எண் மூன்றையும் எழுத்து எழுத்தாக ஒப்பிட வேண்டும். வித்தியாசம் இருந்தால் இருவரும் ஒருவரே என்று பிரமாணப் பத்திரம் வேண்டும். தாத்தா பெயரில் நிலம் என்றால் இறப்புச் சான்றும் மற்ற வாரிசுகளின் எழுத்துச் சம்மதமும் வேண்டும். ஊரை விட்டுப் போன சித்தப்பா ஒருவரின் கையெழுத்துக்காக ஒரு பட்டமே போய்விடும். அதனால் இந்த வேலையைப் பங்குனியில், களம் ஓய்ந்ததும் தொடங்குங்கள். வைகாசியில் தொடங்கினால் கடன் நாள் தாண்டிவிடும், பிறகு அந்த 5 வட்டிதான்.

வங்கி தனி ஆளை நம்பிக் கொடுப்பதில்லை. ஐந்து முதல் பத்துப் பேர் சேர்ந்த குழு, ஒருவருக்கொருவர் ஜாமீன். ஒருவர் கட்டாவிட்டால் அடுத்த பருவத்தில் எல்லோருக்கும் இடையூறு. குழுவைச் சொந்தபந்தம் பார்த்துச் சேர்ப்பதைவிட வயல் பார்த்துச் சேர்ப்பது நல்லது. எல்லோருடைய வயலும் ஒரே ஓடைக் கரையில் இருந்தால் ஒரே வெள்ளத்தில் பத்துப் பேரும் கவிழ்வார்கள். மேட்டு நிலக்காரர் இரண்டு மூன்று பேராவது இருக்கட்டும். நெல்லுக்கு ஏக்கருக்கு 1,50,000 கியாட், அதிகம் போனால் 10 ஏக்கர் என்பதுதான் பல வருடம் இருந்த அளவு. உர விலை ஏறிய பிறகு அது முழுச் செலவுக்கு எட்டாது. அதை உரத்துக்கு என்று ஒதுக்கிவிட்டு நடவுக் கூலிக்கு வேறு வழி பார்ப்பவர்கள்தான் வெளிக்கடனைக் குறைக்கிறார்கள்.

உளுந்துச் சாகுபடி நம்மவர்க்குக் கைவந்தது, நீட்டிச் சொல்ல ஒன்றுமில்லை. ஏக்கருக்கு ஒரு கூடை விதைக்குக் குறையக் கூடாது. சேறாக இருக்கும்போது விதைத்தால் அழுகும், மண் வெடித்த பிறகு விதைத்தால் முளைக்காது. மஞ்சள் விழுந்த செடியைப் பார்த்த அன்றே பிடுங்கிவிட வேண்டும், வெள்ளை ஈ அதிலிருந்துதான் அடுத்த செடிக்குக் கொண்டுபோகும்.

பணம் கசிவது களத்தில். பயறுக்கு ஒரு கூடை என்றால் 20 வீசை, அதாவது 32.66 கிலோ. பதினாறு படி அளந்து ஒரு கூடை என்று கொடுத்தால், நன்றாகக் காய்ந்த கெட்டி மணி 20 வீசையைத் தாண்டி நிற்கும், கூடுதல் வாங்குகிறவருக்கு. படியில் விற்காதீர்கள், தராசில் விற்கவும். முதலில் நீங்கள் எடை அறிந்த ஒரு மூட்டையை அவர் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுப் பேசுங்கள். ஈரம் இன்னொன்று: நூற்றுக்கு 16 ஈரத்தில் 100 வீசை இருந்தால், 12க்குக் காய்ந்தபின் அது 95.5 வீசை ஆகும். ஆனால் ஈர உளுந்துக்கு வியாபாரி கழிப்பது இந்த நாலரையோடு நிற்காது, பூஞ்சை பயம் என்று இன்னும் கழிப்பார். தார்ப்பாயில் இரண்டு மூன்று நல்ல வெயில் காட்டினால் போதும். மண் தரையில் காய வைத்தால் கல்லும் மண்ணும் சேர்ந்து தரம் இறங்கும். எஸ்கியூ (சிறப்புத் தரம்), எஃப்ஏகியூ (சராசரித் தரம்) என்ற இரண்டு தரத்துக்கும் விலை வித்தியாசம் உண்டு. புடைத்து, உடைசலையும் பொக்கையும் தனியே எடுத்தவருக்கே மேல் விலை.

விலையை யாங்கோன் பயின்னவுங் சந்தையில் டன் கணக்கில் சொல்வார்கள், ஊரில் கூடைக் கணக்கு. டன் விலையை 30.6ஆல் வகுத்தால் கூடை விலை வரும். அதில் சாக்கு, ஏற்றுகூலி, லாரி கழித்தால் ஊர் விலை நியாயமா என்று தெரியும். சென்னை இறக்குமதி விலையை டாலரில் பார்த்து, கறுப்புச் சந்தை விகிதத்தால் பெருக்கி ஏமாறாதீர்கள். 2022 ஆகஸ்டில் டாலருக்கு 2,100 கியாட் என்று அரசு நிர்ணயித்த விகிதத்தில் ஏற்றுமதியாளர் தன் டாலரில் ஒரு பங்கை மாற்ற வேண்டிவந்தது. வெளிச் சந்தை விகிதத்துக்கும் அதற்கும் உள்ள வித்தியாசம் அவருக்கு நஷ்டம், அதை அவர் சுமப்பதில்லை, கூடை விலையில் கழித்துவிடுவார்.

எல்லாவற்றையும் அடித்த வாரமே விற்பதும் தப்பு, எல்லாவற்றையும் கட்டி வைப்பதும் தப்பு. மாசி பங்குனியில் எல்லார் களமும் ஒன்றாகக் காலியாகும், கோவில் திருவிழாச் செலவும் அப்போதுதான் வரும், விலை இறங்கித்தான் இருக்கும். ஆனால் 2017 ஆகஸ்டில் இந்தியா உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு 3 லட்சம் டன் என்று இறக்குமதிக்கு வரம்பு கட்டியபோது, விலை ஏறும் என்று அதுவரை கட்டி வைத்தவர்கள்தான் அதிகம் அடிபட்டார்கள். 2021 ஜூனில் இந்தியாவும் பர்மாவும் போட்ட ஒப்பந்தத்தில் ஆண்டுக்கு 2,50,000 டன் உளுந்து என்று ஐந்து வருடத்துக்குப் பேசினார்கள். அடுத்த உத்தரவு எப்போது வரும் என்று களத்தில் நிற்பவனுக்கு யாரும் சொல்லி அனுப்புவதில்லை. கூலியும் கடனும் அடையும் அளவுக்கு உடனே விற்று, மிச்சத்தை இரண்டு தவணையாக வைகாசிக்குள் முடிப்பது எங்கள் வழக்கம். அதற்கு மேல் வைத்தால் வண்டு வேறு.

வைக்கும் உளுந்தை 12 ஈரத்துக்குக் கீழே காயவிட்டு, சூடு ஆறியபின் காற்றுப் புகாத பிளாஸ்டிக் உறையில் கட்டி, அதன் மேல் சாக்கு போடுங்கள். சூட்டோடு கட்டினால் உள்ளே வியர்த்துப் பூக்கும். விதைக்கான கூடைகளுக்கு வேறு நிறக் கயிறு கட்டுங்கள், பணம் முட்டும் நாளில் கை முதலில் போவது அந்த மூட்டைக்குத்தான்.