டெருனோஃபுஜியின் இரண்டாவது ஏற்றம்

சுமோ வீரர்களில் என் மனத்துக்கு மிக நெருக்கமானவர், மங்கோலியாவில் பிறந்த டெருனோஃபுஜி. 2015 மே மாதம் முதல் கோப்பையை வென்று, சுமோவின் உச்சநிலையான யோக்கோசுனாவுக்கு ஒரு படி கீழான ஓசெக்கியாக உயர்ந்த அவர், முழங்கால் காயங்களாலும் நீரிழிவாலும் நொடிந்துபோய், 2019 மார்ச்சில் ஆறு பிரிவுகளில் ஐந்தாவதான ஜோனிதானில் நின்றார். மேல் இரண்டு பிரிவினருக்கு மட்டுமே மாதச் சம்பளமும் பட்டுக் கச்சையும் உண்டு. முன்னாள் ஓசெக்கியோ கறுப்புப் பருத்திக் கச்சையைக் கட்டிக்கொண்டு கத்துக்குட்டிகளோடு மோதினார். ஓய்வு கேட்டவரை விட மறுத்த பயிற்சியாளரின் பிடிவாதத்தை எவ்வளவு பாராட்டினாலும் தகும். முதற்பிரிவுக்குத் திரும்பிய 2020 ஜூலைப் போட்டியிலேயே கோப்பையைக் கைப்பற்றியவர், மறு ஆண்டு 73ஆவது யோக்கோசுனாவானார். மொத்தம் 10 கோப்பைகளோடு 2025 ஜனவரியில் ஓய்வுபெற்றார்.