கடைசி மூன்று நிமிடம்

கருங்கல்லில் இருந்து நாகர்கோவிலுக்கு வாரத்தில் ஆறு நாள் பைக்கில் போய் வருகிறேன். இன்வெர்ட்டர், யுபிஎஸ் சர்வீஸ் வேலை. பின்சீட்டில் டூல் பை கட்டியிருக்கும், சில நாள் பேட்டரியும் இருக்கும். தோட்டியோட்டில் நெடுஞ்சாலை ஏறினால் எதிரே டாரஸ் லாரிகள் வரிசையாக வரும். அம்மா தினமும் வாசலில் நின்று "மக்கா, பைய போ" என்பாள். அவளுடைய பயத்துக்காகத்தான், ஓட்டும்போது ரோட்டைப் பதிவு செய்யும் முதல் கேமராவை வாங்கி வண்டியில் மாட்டினேன்.

போன வருஷம் ஆடி மாதம், சாரல் விழுந்துகொண்டிருந்த ஒரு சாயங்காலம். வீட்டுக்குத் திரும்பும்போது பரசேரி தாண்டியதும் இடப்பக்கச் சந்திலிருந்து ஒரு கார் சட்டென்று ரோட்டில் ஏறியது. பிரேக்கை அழுத்தினேன். முன்சக்கரம் பூட்டி வழுக்க, வண்டியோடு சரிந்தேன். என் வண்டி 125 சிசி, அதில் சிபிஎஸ்தான். பின்பிரேக்கை மிதித்தால் முன்பிரேக்கும் சேர்ந்து பிடிக்கும், அவ்வளவே. சக்கரம் பூட்டாமல் பார்த்துக்கொள்ளும் வேலை ஏபிஎஸ்ஸுடையது. 2019 ஏப்ரலில் 125 சிசிக்கு மேற்பட்ட வண்டிகளுக்குத்தான் அதைக் கட்டாயமாக்கினார்கள். ஈர ரோட்டில் அந்த வித்தியாசம் என்ன என்று என் இடது மணிக்கட்டுக்குத் தெரியும். எலும்பில் விரிசல். ஹெல்மெட்டின் தாடைப் பக்கம் தார் உரசிய கோடு இன்னும் இருக்கிறது. தாடையை மூடாத ஹெல்மெட்டாக இருந்திருந்தால் அந்தக் கோடு என் முகத்தில் இருந்திருக்கும்.

கார்க்காரர், "நான் ரோட்டில் ஏறி ரொம்ப நேரம் ஆயிற்று, இவர்தான் வேகமாக வந்து தானாக விழுந்தார்" என்றார். நான் வாக்குவாதமே பண்ணவில்லை. கேமரா இருக்கிறதே என்ற தைரியம்.

வீட்டுக்கு வந்து மெமரி கார்டை லேப்டாப்பில் போட்டேன். திங்கள்நகர் வழியாகக் காலையில் போனது தெளிவாக இருந்தது. டீக்கடை முன்னால் நின்ற ஆட்டோவின் நம்பர்கூடப் படிக்க முடிந்தது. கடைசிக் கோப்பு மட்டும் 0 கேபி. நான் விழுந்த அந்த மூன்று நிமிடம் இல்லை.

கையில் கட்டோடு உட்கார்ந்து காரணம் தேடினேன். வண்டி சரிந்தபோது பியூஸ் ஹோல்டர் கழன்று கரண்ட் போயிருக்கிறது. பெரும்பாலான கேமராக்கள் எந்தக் காட்சி எங்கே இருக்கிறது என்ற அட்டவணையைக் கோப்பின் கடைசியில்தான் எழுதும். அது எழுதப்படாவிட்டால் எந்த பிளேயரிலும் கோப்பு திறக்காது. கரண்ட் போனாலும் எழுதி முடிப்பதற்காகத்தான் கேமராவுக்குள் ஒரு சின்ன லித்தியம் பேட்டரி வைத்திருப்பார்கள். என்னுடையதைத் திறந்து பார்த்தால் அது உப்பிப்போயிருந்தது. தினமும் வெயிலில் நிறுத்தும் வண்டியில் வேறென்ன ஆகும்? வாங்கும்போது கடையில் இதைச் சொல்லவில்லை. பேட்டரியே தொழிலாக வைத்திருக்கும் நானும் கேட்கவில்லை. அதுதான் இன்னும் மனதை அறுக்கிறது. கடைசியில் பேசி முடித்து, செலவு முழுக்க என் தலையில்.

இப்போது பொருத்தியிருக்கும் கேமராவில் பேட்டரி இல்லை, கரண்டைக் கொஞ்ச நேரம் சேமித்துவைக்கும் சூப்பர் கெபாசிட்டர். கரண்ட் போனபின் சில நொடிதான் தாங்கும், கோப்பை மூட அது போதும். சூட்டில் உப்பாது. பதிவை மூன்று நிமிடத் துண்டுகளாக இல்லாமல் ஒரு நிமிடத் துண்டுகளாக வைத்திருக்கிறேன். போனால் ஒரு நிமிடத்தோடு போகட்டும்.

வயரிங்கை நானே செய்தேன். என் கேமராவில் சிவப்பு வயர் பேட்டரிக்கு, மஞ்சள் வயர் சாவி போட்டால் கரண்ட் வரும் வயருக்கு, கறுப்பு வயர் எர்த்துக்கு. வண்டியின் வயரை மல்டிமீட்டர் வைத்து உறுதி செய்தபிறகே தொட வேண்டும், நிறத்தை நம்பக்கூடாது. முறுக்கி டேப் சுற்றுகிற வேலை நம் ஊருக்கு ஆகவே ஆகாது. குளச்சல் பக்கம் சர்வீஸுக்குப் போனால் ஒரே மழைக்காலத்தில் செம்புக் கம்பி பச்சைக் களிம்பு பிடித்துப் பொடிந்திருப்பதைப் பார்க்கிறேன். கடல்காற்று அப்படி. ஈயம் வைத்து ஒட்டி, மேலே சூடு காட்டினால் சுருங்கி இறுகும் ஹீட் ஷ்ரிங்க் குழாய் போட்டு, அப்புறம்தான் டேப்.

வண்டி நிற்கும்போதும் பதிவு செய்யும் பார்க்கிங் மோடை அணைத்துவிட்டேன். கால் ஆம்பியர் இழுத்தால்கூட பத்து மணி நேரத்தில் இரண்டரை ஆம்பியர்-மணி போய்விடும். பைக் பேட்டரியே ஐந்துதான். காலையில் செல்ஃப் எடுக்காது.

கார்டு விஷயத்திலும் கஞ்சத்தனம் வேண்டாம். முன் கேமராவும் பின் கேமராவும் சேர்த்து மணிக்குப் பதிமூன்று ஜிபி எழுதுகிறது. 64 ஜிபி கார்டு ஐந்து மணி நேரத்துக்குள் நிறைந்து, பழையதை அழித்து மறுபடி எழுதத் தொடங்கும். சாதாரண போன் கார்டு இந்த வேலைக்குச் சீக்கிரம் செத்துவிடும். தொடர்ந்து எழுதுவதைத் தாங்கும் ஹை என்டியூரன்ஸ் கார்டு என்று கேட்டு வாங்க வேண்டும்.

விபத்து நடந்தால் வீடியோவை வாட்ஸ்அப்பில் அனுப்பி அதையே சாட்சியாக நம்பாதீர்கள். சாதாரணமாக வீடியோவாக அனுப்பினால் அது தரத்தைக் குறைத்துவிடும். கார்டைக் கழற்றிப் பத்திரமாக வைக்க வேண்டும். 2024 ஜூலை 1 முதல் நடப்பில் இருக்கும் பாரதிய சாக்ஷ்ய அதினியம் என்ற சாட்சியச் சட்டத்தின் 63ஆம் பிரிவுப்படி மின்னணுப் பதிவோடு சான்றிதழ் கொடுக்க வேண்டும், கோப்பு மாற்றப்படவில்லை என்று சரிபார்க்க உதவும் ஹாஷ் மதிப்பும் அதில் இருக்க வேண்டும். வக்கீல் குமாஸ்தாவாக இருக்கும் என் அத்தான் இதை மூன்று தடவை சொல்லிக் கொடுத்தார்.

ஏற்கெனவே கேமரா வைத்திருப்பவர்கள் இன்றே ஒரு சோதனை செய்யுங்கள். பதிவு ஓடிக்கொண்டிருக்கும்போது கேமராவின் பியூஸைச் சட்டென்று உருவுங்கள். பிறகு கார்டை எடுத்துக் கடைசிக் கோப்பு திறக்கிறதா என்று பாருங்கள். நேற்று என் தம்பி வண்டியில் செய்து பார்த்தோம். திறக்கவில்லை. இரண்டு வருஷமாக அந்தக் கேமராவை நம்பித்தான் அவன் குலசேகரத்துக்கு ஓட்டிக்கொண்டிருந்தான். ஞாயிற்றுக்கிழமை வீட்டுக்கு வரச் சொல்லியிருக்கிறேன், புதியதை நான்தான் மாட்டிக் கொடுக்கப் போகிறேன்.