கிச்சனர் பெடியன்

2015 ஜூலை 24, வெள்ளி

வட, தென் அமெரிக்க நாடுகளின் பான் அம் விளையாட்டுப் போட்டி எங்கட ரொறன்ரோவிலேயே நடக்கிறது. என் பங்குக்கு நான் செய்தது, நெடுஞ்சாலையில் அதற்கென்று ஒதுக்கிய லேனைப் பார்த்துத் தினமும் திட்டியதுதான். இன்றைக்கு வேலையால் வந்து சப்பாத்தைக் கழற்ற முதல் மகன் கத்தினான். "அப்பா, கெதியா வாங்கோ! அமெரிக்காவோட!"

ஆண்கள் கூடைப்பந்து அரையிறுதி. ஐஸ் ஹொக்கிக்குப் பேர்போன பழைய மேப்பிள் லீஃப் கார்டன்ஸ் கட்டடத்தில். இப்போது அது பல்கலைக்கழகத்து விளையாட்டரங்கம், கீழே லொப்லோஸ் கடை. நான் அங்கே உருளைக்கிழங்கு வாங்கியிருக்கிறேன், மேலே ஏறிப் பார்த்ததில்லை.

கனடா அணியில் எனக்குத் தெரிந்த பெயர் அன்தனி பெனட் மட்டும்தான். அமெரிக்கத் தொழில்முறை லீக்கான என்.பி.ஏயின் அணிகள் வரிசையாகப் புதுப் பெடியன்களைத் தெரிவு செய்யும் டிராஃப்டில், 2013இல் முதலாவதாக எடுபட்டவன். ஆனால் மகன் காட்டியது வேறொரு பெடியனை. ஜமால் மரே, பதினெட்டு வயது, எங்கட ஒன்ராறியோ மாகாணத்துக் கிச்சனர் ஊர் ஆள். ஆட்டத்தின் நாலு குவாட்டரில் மூன்று முடியும்வரை அவன் கணக்கில் முட்டை. "உவனை ஏன் விட்டு வைச்சிருக்கினம்?" என்று நான் கேட்டு வாய் மூடவில்லை, போடத் தொடங்கினான். கடைசிக் குவாட்டரிலும் ஓவர்டைமிலுமாக மட்டும் 22 புள்ளி. கனடா 111, அமெரிக்கா 108.

மகன் கதிரைக்கு மேலே நின்றான். மனுசி ஏசவில்லை. அதுவே ஒரு செய்தி.

2015 ஜூலை 26, ஞாயிறு

நேற்று இறுதியாட்டத்தில் பிரேசில் 86-71 என்று அடித்துவிட்டது. வெள்ளிதான். மகன் சாப்பிடாமல் படுத்தான். பதினொரு வயதில் நான் எதற்காகச் சாப்பிடாமல் படுத்தேன் என்று யோசித்துப் பார்த்தேன். கூடைப்பந்துக்காக இல்லை.

2016 ஜனவரி 17, ஞாயிறு

மரே இப்போது கென்டக்கிப் பல்கலைக்கழகத்தில். தூரத்திலிருந்து எறிந்து மூன்று புள்ளி விழுந்தால் வில்லில் அம்பு தொடுத்து விடுகிற மாதிரி ஒரு சைகை செய்கிறான். அர்ச்சுனனுக்குக் குருவியின் கண் மட்டும் தெரிந்த கதையை மகனுக்குச் சொன்னேன். "அவர் எத்தனை தரம் மிஸ் பண்ணினவர்?" என்று கேட்டான். மகாபாரதத்தில் அந்தக் கணக்கு இல்லை.

பெடியனின் தகப்பன் ரோஜர் மரே பற்றி வாசித்தேன். ஜமைக்காவில் பிறந்து ஒன்பது வயதில் கனடா வந்தவர். மகனைப் பழக்கியது அவர்தான். பனியில் தண்டால் எடுக்க வைத்திருக்கிறார். தியானம் பழக்கியிருக்கிறார். புரூஸ் லீ படங்களைப் போட்டுக் காட்டியிருக்கிறார். எல்லாவற்றையும் விட ஒன்று என் மனதில் ஒட்டிக்கொண்டது: நாற்காலி இல்லாமல் நாற்காலியில் இருப்பதுபோல முழங்காலை மடித்து நிற்க வைத்து, தொடையில் சுடச்சுடத் தேத்தண்ணிக் கோப்பையை வைப்பாராம். ஆடினால் சுடும்.

நல்ல யோசனை என்று பட்டது. மகனைக் கூப்பிட்டேன். சுடச்சுட வைக்கிற தைரியம் எனக்கில்லை, ஆறின தேத்தண்ணிதான். நாற்பது விநாடி நின்றான். பிறகு சிரித்தான். கோப்பை கவிழ்ந்து கார்ப்பெற் முழுக்கப் பால் தேத்தண்ணி. மனுசி மேலேயிருந்து இறங்கி வந்து, கறையைப் பார்த்து, என்னைப் பார்த்து, "விசரே உங்களுக்கு?" என்றா. மூன்று பேரும் முழங்காலில் நின்று துடைத்தோம். ரோஜர் மரே வீட்டில் கார்ப்பெற் இருந்ததா என்று யாரும் எழுதவில்லை.

2016 மார்ச் 20, ஞாயிறு

கல்லூரி அணிகளின் போட்டியில் கென்டக்கி இந்தியானாவிடம் தோற்று வெளியேறிவிட்டது. மரேயின் கல்லூரி வாழ்க்கை ஒரே சீசனோடு முடிந்த மாதிரித்தான். ஆட்டத்துக்கு 20 புள்ளி சராசரி. 113 மூன்று புள்ளிகள், அந்தப் பல்கலைக்கழகத்தில் முதலாம் ஆண்டு மாணவன் ஒருவன் இத்தனை போட்டதில்லை. நேற்றைக்கு மட்டும் தூரத்திலிருந்து எறிந்தது பெரிதாகச் சரிவரவில்லை.

பள்ளிக்கூட மேசையில் ஒரு வருடம் இருந்துவிட்டு வேலைக்குப் போய்விடுவான். எங்கட ஆக்கள் கேட்டால் நெஞ்சில் கை வைப்பார்கள்.

2016 ஜூன் 23, வியாழன்

புரூக்ளினில் டிராஃப்ட். மரேயை ஏழாவதாக டென்வர் எடுத்தது. மூன்று இடம் தள்ளிப் பத்தாவதாக மில்வாக்கி எடுத்தது தொன் மேக்கரை. இரண்டு பேரும் ஒரேஞ்ச்வில் பக்கத்தில் ஒரே அணியில் விளையாடினவர்கள். தென் சூடானில் பிறந்து அவுஸ்திரேலியாவில் வளர்ந்தவன் ஒருவன், கிச்சனர்க்காரன் ஒருவன், இரண்டு பேருக்கும் ஒன்ராறியோவின் உருளைக்கிழங்குத் தோட்டங்களுக்கு நடுவே ஒரு ஜிம். நான் அந்தப் பக்கம் போனது அப்பிள் பிடுங்க மட்டும்.

மகனுக்கு டென்வர் எங்கே இருக்கிறது என்று வரைபடத்தில் காட்டினேன். "இனி ஒன்பது மணிக்குப் பிறகுதான் மாச்" என்றான். அவனுடைய முதல் கவலை நேர வித்தியாசம்.

2016 அக்டோபர் 31, திங்கள்

ஹலோவீன். டென்வர் ரொறன்ரோவுக்கு வந்திருக்கிறது, மரே சொந்த மாகாணத்துக்கு முதல் தரம் என்.பி.ஏ உடுப்போடு. ஆனால் பெடியனுக்கு முதல் இரண்டு ஆட்டத்திலும் ஒரு கூடைகூட விழவில்லை. அழைப்பு மணி அடித்துக்கொண்டே இருந்தது. நான் ஒரு கையில் மிட்டாய்ச் சட்டியோடு ரிவிக்கும் கதவுக்கும் இடையில் நடந்தேன். எங்கட ரொறன்ரோ அணியான ரப்டர்ஸின் டெரோசான் 33 போட்டார், ரப்டர்ஸ் வென்றது.

சனம் முழுக்க ரப்டர்ஸ் பக்கம். எங்கட வீட்டில் மட்டும் இரண்டு பேர் எந்தப் பக்கம் என்று தெரியாமல் இருந்தோம். மகன் ஸ்பைடர்மேன் உடுப்போடு தரையில் குந்தியிருந்து, "ஒண்டு விழுந்தால் போதும், பிறகு விழும்" என்றான். அவனுடைய கோச் சொல்லிக் கொடுத்ததாக இருக்கும்.

2016 டிசம்பர் 2, வெள்ளி

என்.பி.ஏ மேற்குப் பிரிவின் போன மாதச் சிறந்த புதுமுகம் ஜமால் மரே. தொடக்கத்தில் அடுத்தடுத்துப் பதினைந்துக்கு மேல் தவறவிட்ட அதே ஆள். ஒன்றும் விழாமல் இருந்த நாட்களில் பயிற்றுநர் மைக்கல் மலோன் அவனை இருத்தி வைக்கவில்லை என்பதையும் எழுதி வைக்க வேண்டும். புதுப்பெடியன் ஒருவன் தவறவிட்டுக்கொண்டே எறிய அனுமதிக்கிற முதலாளி எத்தனை பேருக்குக் கிடைப்பான்? நான் வந்த புதிதில் வேலை செய்த இடத்தில் இரண்டாவது பிழைக்கே வீட்டுக்கு அனுப்பினார்கள்.

2017 பெப்ரவரி 18, சனி

நேற்று நியூ ஓர்லியன்ஸில் இளையோர் ஆட்டம், உலக அணிக்கும் அமெரிக்காவுக்கும். மரே 36 புள்ளி, 11 அசிஸ்ற் (மற்றவன் கூடை போடப் பந்து கொடுத்தது), சிறந்த வீரன் விருது. யாரும் தடுத்து விளையாடாத ஆட்டம் அது, 150-141. கலியாண வீட்டுச் சாப்பாடு மாதிரி, பார்க்க வடிவு, அடுத்த நாள் நினைவில் நிற்காது. மகன் மட்டும் மூன்று தரம் போட்டுப் பார்த்தான்.

2017 மே 14, ஞாயிறு

சீசன் முழுக்க வயிற்றின் அடியில் ஹெர்னியாக் காயத்தோடுதான் விளையாடினானாம். 82 ஆட்டத்தில் 82. முடிந்த பிறகுதான் சத்திரசிகிச்சை. எல்லோரும் புகழ்கிறார்கள். தகப்பன் பழக்கின பழக்கம், வலியைத் தாங்கும் மனம், அப்படி இப்படி.

எனக்கு அது பிடிக்கவில்லை. நானும் நாரிப்பிடிப்போடு ஒரு வருடம் பெட்டி தூக்கினவன், யாரிடமும் சொல்லவில்லை, சொன்னால் மணித்தியாலம் குறைப்பார்கள் என்று பயம். அதில் மனவலிமை ஒன்றும் இல்லை. இருபது வயதுப் பெடியனுக்கு நோகுது என்று சொல்லவும் யாராவது பழக்கியிருக்கலாம். இதை மகனுக்குச் சொன்னேன். "அப்பா, நீங்கள்தானே தேத்தண்ணிக் கோப்பை வைச்சனீங்கள்" என்றான்.

2017 நவம்பர் 9, வியாழன்

பள்ளிக்கூட அணிப் பட்டியல் ஒட்டியிருந்ததாம். பெயர் இல்லை.

காரில் ஒன்றும் கதைக்கவில்லை. வீட்டுக்கு வந்து கராஜ் கதவில் பந்தை அடித்துக்கொண்டிருந்தான், இருட்டும்வரை. பக்கத்து வீட்டுக்காரர் எட்டிப் பார்த்தார், நான் கையைக் காட்டினேன், அவர் விளங்கிக்கொண்டு உள்ளே போனார்.

2018 ஏப்ரல் 12, வியாழன்

நேற்றிரவு சீசனின் கடைசி ஆட்டம். டென்வரும் மினசோட்டாவும். வென்றவர் பிளே-ஓஃப் என்கிற அடுத்த கட்டத்துக்கு, தோற்றவர் வீட்டுக்கு. கடைசி நாளில் இரண்டு அணி நேருக்கு நேர் நின்று இப்படி முடிவு எடுத்தது 1997க்குப் பிறகு நேற்றைக்குத்தானாம். ஓவர்டைமுக்குப் போனது. கடைசி நொடிகளில் ஃப்ரீ த்ரோ கோட்டில் வந்து நின்றது அன்ட்ரூ விக்கின்ஸ். 2014 டிராஃப்டில் முதலாவதாக எடுபட்ட ரொறன்ரோவுக்குப் பக்கத்திலிருக்கிற எங்கட வோன் ஊர்ப் பெடியன். இரண்டையும் போட்டான். 112-106, மினசோட்டா.

ஒரு பக்கம் கிச்சனர், மறுபக்கம் வோன். நெடுஞ்சாலையில் போனால் இரண்டுக்கும் ஒரு மணித்தியாலம். மரே இந்த சீசனில் 16.7 சராசரி, போன வருடம் 9.9. இன்னும் பிளே-ஓஃப் என்றால் என்னவென்று தெரியாது.

மகன் இப்போது விளையாடவில்லை. சனிக்கிழமைகளில் சமூக நிலையத்தில் சின்னப் பிள்ளைகளின் ஆட்டத்துக்குப் புள்ளி எழுதுகிறான். யார் எத்தனை எறிந்து எத்தனை போட்டார்கள் என்று ஒரு கொப்பியில் தனியாகவும் எழுதுகிறான். யாரும் கேட்கவில்லை.

2018 நவம்பர் 6, செவ்வாய்

நேற்று பொஸ்ரனுக்கு எதிராக மரே 48 புள்ளி. ஆட்டம் முடிந்தமாதிரி, டென்வர் முன்னால் நிற்கிறது, எல்லோரும் பந்தை வைத்துக்கொண்டு நேரத்தைப் போக்கிற இடத்தில் மரே ஐம்பது சேர்க்க ஒரு மூன்று புள்ளி எறிந்தான். விழவில்லை. பொஸ்ரன் வீரர் கைரி எர்விங்குக்குக் கோபம். பந்தைத் தூக்கிச் சனத்துக்குள் எறிந்துவிட்டுப் போனார்.

காலைச் சாப்பாட்டில் எங்களுக்குள் வழக்கு. அது மரியாதையில்லை என்றேன் நான். "48க்கு வந்தவன் 50க்கு எறியாமல் விடுவானா?" என்றான் மகன். மனுசி புட்டை அவித்துக்கொண்டு, "உங்கட அப்பா சீட்டு விளையாட்டிலேயும் கடைசிச் சீட்டு வரைக்கும் விடமாட்டார்" என்று வழக்கை முடித்துவைத்தா.

2019 ஏப்ரல் 17, புதன்

கடைசியில் பிளே-ஓஃப். முதல் ஆட்டம் சான் அன்ரோனியோவிடம் தோல்வி. நேற்று இரண்டாவது. மூன்று குவாட்டர் முடிய மரே எறிந்தது எட்டு, விழுந்தது பூச்சியம். நான் படுக்கப் போனேன், காலை நாலரைக்கு எழும்ப வேணும். மகன் கதவில் வந்து தட்டினான். "அப்பா, எழும்புங்கோ. பான் அம் மாதிரி வரப்போகுது."

எப்படித் தெரியும் என்று கேட்டால், தெரியும் என்றான். கடைசிக் குவாட்டரில் 21 புள்ளி. ஒன்பது எறிந்து எட்டு. டென்வர் 114-105. பத்தொன்பது புள்ளி பின்னால் நின்ற அணி.

இரண்டு மணித்தியாலம்தான் நித்திரை. வேலையில் சந்திரன் அண்ணை "என்ன, குடிச்சனீரே?" என்று கேட்டார்.

2019 மே 12, ஞாயிறு

அன்னையர் தினம். மத்தியானம் இடியப்பமும் சொதியும் மனுசியே செய்தா, அதைச் சாப்பிட்டுவிட்டு வாழ்த்துச் சொன்னோம். மூன்றரைக்கு டென்வர், போர்ட்லாண்டோடு தொடரை முடிவுசெய்கிற ஏழாவது ஆட்டம். தொடக்கத்தில் பதினேழு புள்ளி முன்னால். பிறகு மக்கலம் என்கிறவன் 37 போட்டுவிட்டான். 100-96. மரே எறிந்தது பதினெட்டு, விழுந்தது நாலு. கடைசிக் குவாட்டர் எங்களுக்குத் தருவான் என்று இரண்டு பேரும் காத்துக்கொண்டிருந்தோம். தரவில்லை.

மகன் கொப்பியை மூடிவிட்டு மேலே போனான்.

ஏழு மணிக்கு ரப்டர்ஸ், அதுவும் ஏழாவது ஆட்டம், பிலடெல்பியாவோடு. நான்தான் கூப்பிட்டு இறக்கினேன். 90-90. மூலையிலிருந்து ரப்டர்ஸின் கவாய் எறிந்த பந்து விளிம்பில் பட்டது, பட்டது, பட்டது, நாலாவது தரமும் பட்டு உள்ளே விழுந்தது. தெரு முழுக்கச் சத்தம். யாரோ சட்டி தட்டினார்கள். பக்கத்து வீட்டுக்காரர் உள்ளுடுப்போடு வாசலில் நின்று கத்தினார்.

மகனும் கத்தினான், கத்திவிட்டுக் கொஞ்சம் பொறுத்து வந்து பக்கத்தில் இருந்தான். "அப்பா, ஜமாலின்ட பதினாலும் உந்த மாதிரித்தான் விளிம்பில பட்டிருக்கும், என்ன?"

"ஓம்" என்றேன். சிலது விளிம்பிலும் படவில்லை. அது அவனுடைய கொப்பியிலேயே இருக்கும்.

மனுசி குசினியிலிருந்து குரல் கொடுத்தா. அன்னையர் தினமாம், ஆனால் சட்டி பானை அப்படியே கிடக்காம். நான் கழுவினேன், அவன் துடைத்தான். பதினொரு மணி தாண்டியும் வெளியே ஹோர்ன் அடித்துக்கொண்டிருந்தார்கள்.