கட்டைவிரலால் படித்த மருத்துவம்

அமெரிக்காவில் டி.ஓ., அதாவது ஆஸ்டியோபதி மருத்துவம், படிக்கிறேன் என்று சொன்னால் ஊரில் கிடைக்கும் மறுமொழிகள் எனக்கு மனப்பாடம். "எம்.பி.பி.எஸ். கிடைக்கவில்லையா?" என்பார் ஒருவர். "எலும்பு டாக்டரா?" என்பார் இன்னொருவர். திருச்சியில் இருக்கும் என் பெரியப்பா ஒரு படி மேலே போய், "ஏம்மா, நம் புத்தூர் கட்டு மாதிரியா?" என்று கேட்டார். மூன்றுக்கும் 'இல்லை' என்பதுதான் பதில். பெரியப்பாவின் கேள்விக்கு மட்டும் கொஞ்சம் தயங்கித்தான் 'இல்லை' என்றேன்.

அமெரிக்காவில் மருத்துவராக இரண்டு பட்டங்கள் உண்டு: எம்.டி., டி.ஓ. இரண்டுக்கும் நான்கு ஆண்டுப் படிப்பு, அதன் பிறகு ரெசிடென்சி என்ற மருத்துவமனைச் சிறப்புப் பயிற்சி. ஐம்பது மாநிலங்களிலும் இருவருக்கும் ஒரே முழு உரிமைதான். மருந்து எழுதலாம், அறுவை சிகிச்சை செய்யலாம். இங்கே மருத்துவம் படிப்பவர்களில் நான்கில் ஒருவருக்கு மேல் இப்போது டி.ஓ. கல்லூரிகளில்தான் இருக்கிறார்கள். டிரம்ப்பின் முதல் ஆட்சியில் வெள்ளை மாளிகை மருத்துவராக இருந்த ஷான் கான்லியும், பைடனின் மருத்துவர் கெவின் ஓ'கானரும் டி.ஓ. பட்டம் பெற்றவர்களே. பிரிட்டன் போன்ற நாடுகளில் ஆஸ்டியோபத் என்றால் கையால் வலி போக்கும் சிகிச்சையாளர். அவர் மருத்துவர் அல்லர். இணையத்தில் தேடும் சொந்தக்காரர்களுக்கு முதலில் அகப்படுவது அவர்தான். குழப்பம் அங்கே தொடங்குகிறது.

இந்த மருத்துவத்தின் வேர், பிள்ளைகளைப் பறிகொடுத்த ஒரு தகப்பனிடம் இருக்கிறது. உள்நாட்டுப் போர்க்கால மருத்துவரான ஆண்ட்ரூ டெய்லர் ஸ்டில், 1864-ல் மூளை உறைக் காய்ச்சலுக்குத் தன் மூன்று குழந்தைகளைக் கொடுத்தார். பாதரசத்தை மருந்து என்று ஊட்டிய காலம் அது. அவருக்கு மருந்தின் மேலேயே நம்பிக்கை போயிற்று. உடலின் கட்டமைப்பைச் சரிசெய்தால் உடல் தன்னைத் தானே தேற்றிக்கொள்ளும் என்று 1874-ல் அறிவித்தார். 1892-ல் மிசௌரி மாநிலத்தின் கர்க்ஸ்வில் என்ற சிற்றூரில் முதல் கல்லூரியைத் திறந்தார். முதல் வகுப்பிலேயே பெண்களும் இருந்தார்கள். முதலாண்டு விடுமுறையில் நண்பர்களோடு அங்கே போய் அருங்காட்சியகத்தைப் பார்த்தோம். 1925-ல் இரண்டு மாணவர்கள் ஒரு மனித உடலிலிருந்து நரம்பு மண்டலம் முழுவதையும் பிரித்தெடுத்துப் பலகையில் விரித்து வைத்திருக்கிறார்கள்; அதற்கு 1,500 மணி நேரத்துக்கு மேல் பிடித்ததாம். எங்கள் உடற்கூறியல் மேஜையில் கையின் ஒரே ஒரு நரம்பை அறுந்துபோகாமல் எடுக்கவே எனக்கு ஒரு மதியம் முழுக்கப் போயிருந்தது. அந்தக் கண்ணாடிக்கு முன் நின்றபோது வந்தது பொறாமைதான்.

முதல் இரண்டு ஆண்டுகளின் அன்றாடத்தில் சொல்லிக்கொள்ள அதிகம் இல்லை. எல்லா மருத்துவ மாணவர்களையும் போலத்தான். விடியற்காலையில் எழுந்ததும் ஆன்கி என்ற மனப்பாடச் செயலியில் முந்தைய நாட்களின் கேள்வி-பதில் அட்டைகள். பிறகு பதிவுசெய்யப்பட்ட விரிவுரைகளை இரட்டை வேகத்தில் கேட்பது. (அந்த வேகத்துக்குக் காது பழகிவிட்டால் நேரில் பேசும் பேராசிரியர்கள் எல்லாரும் தூக்கக் கலக்கத்தில் பேசுவதாகத் தோன்றும்.) மதியம் ஆய்வகம் அல்லது குழு விவாதம். மாலையில் கேள்வி வங்கி. இரவு சமைக்க நேரம் இருக்காது. அம்மா நியூ ஜெர்சியிலிருந்து அனுப்பிய பருப்புப் பொடியும் சோறும் என் இரண்டாம் ஆண்டைக் காப்பாற்றின. வீட்டு வாடகை, கல்விக் கட்டணம் எல்லாம் கடனில்தான் ஓடியது. அந்தத் தொகையை நான் அடிக்கடி பார்ப்பதில்லை.

வேறுபாடு வருவது ஓ.எம்.எம். ஆய்வகத்தில். கையால் நோயறிந்து கையால் சிகிச்சை செய்யும் பயிற்சி அது. இரண்டு ஆண்டுகளில் ஏறக்குறைய 200 மணி நேரம். வரிசையாக மடக்கு மேஜைகள், ஒவ்வொன்றுக்கும் இரண்டு பேர். ஒருவர் நோயாளி, ஒருவர் மருத்துவர், பிறகு இடம் மாறுவோம். முதுகெலும்பைப் பார்த்தாக வேண்டுமே, ஆகவே ஆண்கள் அரைக்கால் சட்டையோடும் பெண்கள் அதற்கு மேல் விளையாட்டு உள்ளாடையோடும் வர வேண்டும். எட்டாம் வகுப்பு வரை திருச்சியில் துப்பட்டாவுக்கு ஊசி குத்திப் படித்த எனக்கு முதல் வாரம் எப்படி இருந்திருக்கும் என்று ஊகித்துக்கொள்ளுங்கள். முதுகுப் பக்கம் திறக்கும் மருத்துவமனை அங்கி அணியலாம் என்று எங்கள் கல்லூரியில் அனுமதி உண்டு. கேட்டால் பெண்ணையே ஜோடியாகவும் தருவார்கள். முதல் மாதம் இரண்டையும் கேட்டு வாங்கிக்கொண்டேன். பிறகு அங்கியை நானே விட்டேன். அதைப் பிடித்து ஒதுக்கவே ஜோடியின் ஒரு கை போய்விடுகிறது.

தொட்டறிவதற்கு எங்கள் துறையில் ஒரு பழைய பயிற்சி உண்டு. தலைமுடி ஒன்றை மேஜையில் வைத்து அதன் மேல் ஒரு தாளை மூட வேண்டும். கண்ணை மூடிக்கொண்டு விரல் நுனியால் முடி எங்கே கிடக்கிறது என்று கண்டுபிடிக்க வேண்டும். கிடைத்துவிட்டால் இன்னொரு தாள், அதற்கு மேல் இன்னொன்று. நான் இதை விளையாட்டு என்று நினைத்துத்தான் தொடங்கினேன். அழுத்தினால் முடி மறைந்துவிடும். விரலைத் தளர்த்தினால்தான் தட்டுப்படும். பரீட்சைக்கு முந்தைய நாள் பதற்றத்தோடு உட்கார்ந்தால் ஒரு தாளுக்குக் கீழே இருப்பதுகூடத் தெரியாது.

அதே விரல்கள் பிறகு முதுகுக்குப் போகின்றன. நெப்ராஸ்காவின் பண்ணைக் குடும்பத்துப் பெண் ஒருத்தி என் ஜோடி. அவள் குப்புறப் படுத்திருக்க, ஐந்தாவது மார்பு முள்ளெலும்பின் இரு பக்க நீட்சிகளிலும் என் கட்டைவிரல்களை வைக்கிறேன். வலக் கட்டைவிரல் சற்று உயர்ந்து நிற்கிறது; அப்படியானால் எலும்பு வலப்பக்கம் திரும்பியிருக்கிறது. முழங்கைகளை ஊன்றி மார்பைத் தூக்கச் சொல்கிறேன். இரண்டு கட்டைவிரல்களும் சமமாகின்றன. முன்னால் குனியச் சொன்னால் வலப்பக்கம் முன்பைவிடத் துருத்துகிறது. நிமிர்ந்த நிலையில் சிக்கி, வலப்பக்கம் திரும்பி, வலப்பக்கமே சாய்ந்த எலும்பு என்று எழுதுகிறேன். ஆசிரியர் வந்து தன் விரலை வைத்துப் பார்த்து, "ஆறாவது எலும்பு" என்று மட்டும் சொல்லிவிட்டு அடுத்த மேஜைக்குப் போகிறார். என்ன கோளாறு என்பது சரி, எந்த எலும்பு என்பதுதான் தவறு. இது எங்கள் ஆய்வகத்தில் அன்றாடம் நடப்பது.

இதில் எல்லாவற்றையும் நான் நம்புகிறேனா என்றால், இல்லை. இறுகிய தசையை நோயாளியின் சொந்த பலத்தாலேயே தளர்த்தும் முறை எனக்குப் பிடித்தது. முதுகு வலிக்குப் பயன்படுவதைக் கண்ணால் பார்த்திருக்கிறேன். 'டக்' என்று சத்தம் வரும் விரைவுத் தள்ளலையும் கழுத்தைத் தவிர மற்ற இடங்களில் செய்வேன். மண்டையோட்டு எலும்புகள் நிமிடத்துக்கு 10 முதல் 14 முறை மெல்ல அசைகின்றன, அதைக் கையால் உணரலாம் என்ற பாடம் வந்தபோது மட்டும் என்னால் ஒத்துப்போக முடியவில்லை. ஜோடியின் தலையைத் தாங்கி நெடுநேரம் உட்கார்ந்திருந்தேன். எனக்குத் தட்டுப்பட்டது என் நாடித் துடிப்பு ஒன்றுதான். ஆராய்ச்சிச் சான்றுகளும் அதற்கு வலுவாக இல்லை. ஆனாலும் தேர்வில் கேட்பார்கள், ஆகவே படித்தேன்.

தேர்வு என்றால் ஒன்றல்ல. டி.ஓ. மாணவர்கள் உரிமம் பெற எழுத வேண்டியது காம்லெக்ஸ். எம்.டி. மாணவர்கள் எழுதுவது யூ.எஸ்.எம்.எல்.இ. சட்டப்படி எங்களுக்கு முதலாவது போதும். ஆனால் போட்டி மிகுந்த துறைகளில் சில ரெசிடென்சிகள் இரண்டாவதையும் எதிர்பார்க்கின்றன, ஆகவே எங்களில் பெரும்பாலானோர் இரண்டையும் எழுதினோம். இரண்டின் முதல் கட்டத்துக்கும் தனித்தனியாக 600 டாலருக்கு மேல் கட்டணம், எட்டு மணி நேரம் திரைக்கு முன்னால். யூ.எஸ்.எம்.எல்.இ.யில் 280 கேள்விகள் வரை. நான் எழுதியபோது காம்லெக்ஸில் 352. 2022 முதல் இரண்டின் முதல் கட்டத்திலும் மதிப்பெண் இல்லை, தேர்ச்சி அல்லது தோல்வி மட்டுமே. பாரம் குறைந்தது என்று மகிழ வேண்டாம். அது அப்படியே இரண்டாம் கட்டத்தின் தலையில் ஏறியிருக்கிறது. ஒரே இதயத்தை இரண்டு பேருக்கு இரண்டு முறை விளக்க வேண்டியிருந்த அந்தக் கோடையைப் பற்றி இதற்கு மேல் எழுத எனக்கு விருப்பமில்லை.

மூன்றாம் ஆண்டுதான் என்னை மருத்துவராக்கத் தொடங்கியது. டி.ஓ. கல்லூரிகள் பலவற்றுக்குச் சொந்த மருத்துவமனை கிடையாது. மாணவர்களைச் சிறு நகர மருத்துவமனைகளுக்குப் பிரித்து அனுப்புவார்கள். உள்மருத்துவம், அறுவை சிகிச்சை, குழந்தைகள், மகப்பேறு, மனநலம், குடும்ப மருத்துவம் என்று சில வாரங்களுக்கு ஒன்று. எனக்குக் கிடைத்த ஊரில் ரெசிடென்ட்கள், அதாவது ரெசிடென்சியில் இருக்கும் இளம் மருத்துவர்கள், யாரும் இல்லை. அதனால் லாபமும் உண்டு, நட்டமும் உண்டு. பெரிய மருத்துவமனையில் நான்காவது ஆளாக எட்டிப் பார்த்திருக்க வேண்டிய பித்தப்பை அறுவையில் இங்கே மருத்துவருக்கு எதிரே முதல் உதவியாளாக நின்று கேமராவைப் பிடித்தேன். ஆனால் முறையான வகுப்புகள் இல்லை. மருத்துவருக்கு நேரம் இருந்தால் பாடம், இல்லாவிட்டால் நீங்களும் உங்கள் கைப்பேசியும்தான். ஒரு சுற்றில் நான் ஒரு மாதம் முழுக்க நோயாளிகளைத் தொடாமல் குறிப்பு மட்டும் எழுதினேன். புகார் கொடுத்தேன், பதில் வந்தது, மாற்றம் வரவில்லை.

குடும்ப மருத்துவச் சுற்றில்தான் ஆய்வகத்தின் 200 மணி நேரம் வேலைக்கு வந்தது. விலாப் பக்கம் வலி என்று ஒரு முதிய பெண்மணி வந்தார். இதயத்தில் கோளாறு இல்லை, நுரையீரல் படமும் சுத்தம். மருத்துவர் என்னைப் பார்த்து, "செய்கிறாயா?" என்றார். வலிக்கும் புள்ளியை விரலால் பிடித்துக்கொண்டு, வலி அடங்கும் நிலைக்கு உடலைச் சாய்த்து அப்படியே தாங்கி நிற்கும் முறை இருக்கிறது. சாதாரணமாக 90 விநாடி, விலா எலும்புக்கு 120. அவரை என் முழங்காலில் சாய்த்துக்கொண்டு மனத்துக்குள் எண்ணிக்கொண்டிருந்தேன். அறுபது வந்தபோது, கணவரைக் கட்டிலிலிருந்து சக்கர நாற்காலிக்குத் தானே தூக்கி மாற்றுவதாகச் சொன்னார். கேள்வித்தாளில் "பாரம் தூக்கினீர்களா?" என்ற கேள்விக்கு 'இல்லை' என்று எழுதியிருந்தார், கணவர் பாரம் ஆவாரா என்ன! வலி பாதியாகக் குறைந்தது என்றார். வீட்டுக்கு வந்து உதவும் செவிலியருக்கு அன்றே மருத்துவர் எழுதிக் கொடுத்தார். அந்தச் சாய்த்தலால் எவ்வளவு குணம், அந்த உதவியால் எவ்வளவு குணம் என்று என்னிடம் கேட்டால் செவிலியர் பக்கம்தான் வாக்களிப்பேன். ஆனால் பதினைந்து நிமிடச் சந்திப்பில் அவர் கணவரைப் பற்றிச் சொன்னது அந்த இரண்டு நிமிடத்தில்தான்.

இப்போது நான்காம் ஆண்டு. நேர்காணல்கள் எல்லாம் கணினித் திரையில் முடிந்தன. 2020 வரை டி.ஓ.க்களுக்குத் தனி ரெசிடென்சி அமைப்பு இருந்தது, இப்போது எம்.டி., டி.ஓ. எல்லாருக்கும் ஒரே அமைப்பு, ரெசிடென்சி இடங்களை ஒதுக்கும் ஒரே மேட்ச். முடிவு மார்ச் மாதத்தின் மூன்றாவது வெள்ளிக்கிழமை. அண்மை ஆண்டுகளில் டி.ஓ. கடைசியாண்டு மாணவர்களில் 90 சதவீதத்துக்கு மேல் இடம் பெறுகிறார்கள். தோல் மருத்துவம், நரம்பு அறுவை போன்றவை மட்டும் எங்களுக்கு இன்னும் எளிதில் எட்டாத உயரத்தில் இருக்கின்றன. அவற்றில் ஒன்றில்தான் உயிர் இருக்கிறது என்பவர்கள் நன்றாக யோசித்துச் சேருங்கள்.

இங்கே விண்ணப்பிக்க நினைக்கும் பிள்ளைகள் எனக்கு எழுதும்போது தத்துவத்தைப் பற்றியே கேட்கிறார்கள். கல்லூரி நேர்காணலில் நீங்கள் கேட்க வேண்டியது வேறு: மூன்றாம் ஆண்டை எந்த ஊரில் கழிப்பேன், அந்த ஊரை யார் முடிவு செய்கிறார்கள், அங்கே தங்குமிடத்துக்கு யார் பணம் கொடுக்கிறார்கள், ரெசிடென்ட்கள் இருக்கிறார்களா? மழுப்பலான பதில் வந்தால் அதையே பதிலாக எடுத்துக்கொள்ளுங்கள். கார் ஓட்டத் தெரியாதவர்கள் இரண்டாம் ஆண்டு முடிவதற்குள் கற்றுக்கொள்ளுங்கள், பனியிலும் ஓட்டிப் பழகுங்கள். அறுவை சிகிச்சைச் சுற்றுக்குக் காலை ஐந்து மணிக்குள் போய்ச் சேர அந்த ஊர்களில் பஸ் கிடையாது.